வார்டு தெரிய வேண்டும், வாசல் தெரியக் கூடாது

நோய்ப் பரவல் காலத்தில் உள்ளூர் சுகாதாரத் தரவை வரைபடமாக வெளியிடக் கோரும் மக்கள் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்து இயக்ககம், நகராட்சி நிர்வாகத் துறை, ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, மாநகராட்சி முதல் ஊராட்சி வரையிலான உள்ளாட்சி அமைப்புகள் அனைத்தும்.

முகவுரை

2012-ஆம் ஆண்டு, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடையநல்லூர் வட்டாரம் டெங்குவால் நிலைகுலைந்தது. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் 12,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு உறுதியானது. 66 பேர் இறந்தனர் என்கிறது அரசுக் கணக்கு. 2017-இல் பாதிப்பு 23,000-ஐத் தாண்டியது. 65 பேர் இறந்தனர். ஆண்டு முடிந்த பிறகு மாநிலக் கணக்கு நமக்கு ஒழுங்காகவே கிடைக்கிறது. காய்ச்சல் பரவிக்கொண்டிருக்கும் வாரத்தில், எந்த வார்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

தெரியாதபோது என்ன நடக்கிறது? செய்தித்தாள் ‘மர்மக் காய்ச்சல்’ என்று எழுதுகிறது. ஆளும் தரப்பு ‘கட்டுக்குள் இருக்கிறது’ என்கிறது. எதிர்த்தரப்பு ‘மூடி மறைக்கிறார்கள்’ என்கிறது. தெருவின் நிலவரத்தைக் கொஞ்சமாவது சரியாகச் சொல்பவர் மருந்துக் கடைக்காரராக இருக்கிறார். மீதியை வாட்ஸ்அப் நிரப்புகிறது.

இத்தனைக்கும் தரவு இல்லாமல் இல்லை. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், களப்பணியாளர் அறிகுறியை வைத்து நிரப்பும் எஸ் படிவம், மருத்துவர் நிரப்பும் பி படிவம், ஆய்வகம் நிரப்பும் எல் படிவம் என மூன்று வழிகளில் தகவல் திரள்கிறது. 2021 ஏப்ரலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் இதைக் கணினிக்கு மாற்றியது; இடத்தைக் குறித்துக்கொள்ளவும் வழி செய்தது. நம் தெருவுக்கு வந்து காய்ச்சலை விசாரித்து எழுதிக்கொண்டு போகிறார் ஊழியர். அந்த எழுத்து வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் போகிறது. புறப்பட்ட தெருவுக்கு மட்டும் திரும்பி வருவதில்லை.

குடியிருப்போர், ஆசிரியர்கள், மருத்துவர்கள், களப்பணியாளர்கள், கணினி தெரிந்த தன்னார்வலர்கள் எனப் பலதரப்பட்டவர்களின் குரலாக இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். நாங்கள் கேட்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நோய் எங்கே இருக்கிறது என்பது உரிய வாரத்திலேயே ஊருக்குத் தெரிய வேண்டும், யாருக்கு இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியக் கூடாது.

ஏன் வரைபடம்?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை. முட்டை வளர்ந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது. கடிபட்டவருக்கு 4 முதல் 10 நாளுக்குள் காய்ச்சல் வருகிறது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மாவட்ட எண் ஏன் பயன்படாது என்பது விளங்கும். ‘மாவட்டத்தில் 80 பேருக்கு டெங்கு’ என்ற அறிவிப்பைக் கேட்டு எந்த வீட்டுக்காரரும் தன் மொட்டைமாடித் தொட்டியை மூடப் போவதில்லை. மாதம் ஒருமுறை வரும் அறிக்கை வந்து சேர்வதற்குள் புதிய கொசுக்கள் பலமுறை பிறந்துவிடும். சின்ன இடத்தில், சில நாட்களில் நடந்து முடிகிற நோய்க்குச் சின்ன இடத்தின் கணக்கு, சில நாட்களுக்குள் வேண்டும்.

நோய் வரைபடம் என்றாலே 1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் ஜான் ஸ்நோ வரைந்த காலரா வரைபடத்தைச் சொல்வார்கள். அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. ஸ்நோ தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். அந்த வாரம் மூன்று உட்பகுதிகளில் பதிவான 89 காலரா இறப்புகளின் பட்டியலை அனுமதி கேட்டு வாங்கினார். அவற்றில் 83 இறப்புகளை வீடு வீடாக விசாரித்தார். அவர் சந்தேகித்த பிராட் தெருத் தண்ணீர்க் குழாயின் கைப்பிடி செப்டம்பர் 8-ஆம் தேதி கழற்றப்பட்டது; புகழ்பெற்ற வரைபடம் அதற்குப் பிறகே வந்தது. பதிவேடு அந்த வாரமே திறக்கப்படாமல் போயிருந்தால் விசாரணையும் இல்லை, வரைபடமும் இல்லை.

நம் காலத்துக்கு வந்தால் சிங்கப்பூர் இருக்கிறது. 150 மீட்டர் தொலைவுக்குள் 14 நாள் இடைவெளியில் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தால், அந்நாட்டின் தேசியச் சுற்றுப்புற வாரியம் அதை ஒரு குவியல் எனக் கணக்கிட்டு இணையத்தில் வரைபடமாக வெளியிடுகிறது. பத்துக்குக் குறைந்தால் மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் என்றால் சிவப்பு என்று வட்டாரத்திலேயே பதாகை கட்டுகிறது. எவர் பெயரும் வெளிவருவதில்லை. ஆனால் எந்தப் பகுதியில் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. நம் பக்கத்து மாநிலமான கேரளமும் தொற்றுநோய்க் கணக்கை மாவட்ட வாரியாக நாள்தோறும் வெளியிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் எட்டாத உயரம் அன்று. தொற்றுநோயைக் கண்டவர் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையைச் சட்டமாக்கிய சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் 1939-லேயே வந்துவிட்டது. துணை சுகாதார நிலையம் வரை கைநீட்டும் பொது சுகாதாரக் கட்டமைப்பு இங்கே இருக்கிறது. அரசிடம் சொந்தமாகப் புவியியல் தகவல் தளமும் இருக்கிறது. இல்லாதது, வெளியிட வேண்டும் என்ற உத்தரவு.

கோவிட் விட்டுச் சென்ற பாடம்

2020-இல் சென்னை மாநகராட்சி மண்டல வாரியாக எண்ணிக்கையை நாள்தோறும் வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் 200 வார்டுகளை 15 மண்டலங்களாகத் தொகுத்த எண் அது. ராயபுரம் மண்டலத்தில் மட்டும் 15 வார்டுகள். ராயபுரம் மண்டலம் என்று சொன்னால் எந்த வார்டுக்காரர் எச்சரிக்கையாக இருப்பது?

ஒரு பக்கம் வேண்டிய அளவு தெரியவில்லை. மறுபக்கம் வேண்டாதது தெரிந்தது. நோயாளி வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள், தகரம் அடித்தார்கள். கர்நாடகத்தில் தனிமைப்படுத்தப்பட்டோரின் முகவரிப் பட்டியலே வெளியானது. வாசலில் ஒட்டறிக்கை ஒட்டும் வழக்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் குறிப்பாக உத்தரவிட்டாலன்றி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் டெல்லியில் நடந்த ஒரு மத மாநாட்டுக்குப் போய் வந்தவர்களின் எண்ணிக்கை தனியாகச் சொல்லப்பட்டு, ஒரு சமூகமே நோய்க்குப் பொறுப்பு என்ற பழி தெருவுக்கு வந்தது. தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தவர்களும் நம் மக்கள்தான்.

ஆகவே வெளிப்படைத்தன்மை, அந்தரங்கம் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. 2020-இல் இரண்டையும் சேர்த்தே இழந்தோம். இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம்.

கோரிக்கைகள்

அ. வெளியிட வேண்டியவை

1. வார்டும் ஊராட்சியும் அடிப்படை அலகு. அறிவிக்கைக்குரிய நோய்களின் கணக்கை நகரங்களில் வார்டு வாரியாகவும், கிராமங்களில் ஊராட்சி வாரியாகவும் வாரந்தோறும் வெளியிட வேண்டும். பரவல் அறிவிக்கப்பட்ட பகுதியில் நாள்தோறும் வெளியிட வேண்டும். சேகரித்த தரவு 48 மணி நேரத்துக்குள் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

2. நான்கு எண்கள் சேர்ந்தே வர வேண்டும். காய்ச்சலுடன் வந்தவர்கள், பரிசோதிக்கப்பட்டவர்கள், நோய் உறுதியானவர்கள், இறந்தவர்கள். உறுதியானவர்களின் எண்ணை மட்டும் வெளியிட்டால் பரிசோதனைக் கூடம் இருக்கும் ஊர் நோயூராகவும், கூடமே இல்லாத ஊர் நலமான ஊராகவும் தோன்றும். தனியார் ஆய்வகத்தின் கார்டு டெஸ்டில் ‘டெங்கு’ என்று வருகிறது. எலிசா பரிசோதனையில் உறுதியானதையே அரசு கணக்கில் எடுக்கிறது. இரண்டுக்கும் மருத்துவ நியாயம் உண்டு. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் பிள்ளையை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அரசுக் கணக்கு பொய்யாகத் தெரிகிறது. சந்தேகத்துக்குரியவை, உறுதியானவை என்று இரண்டு பத்தியாக வெளியிட்டால் பாதிச் சண்டை தீரும்.

3. காய்ச்சல் தொடங்கிய தேதி வேண்டும். தரவு பதிவான தேதியை மட்டும் வைத்து வரைந்தால், பண்டிகை விடுமுறையில் நோய் குறைந்ததுபோலவும் விடுமுறை முடிந்ததும் வெடித்ததுபோலவும் தெரியும். அறிகுறி தொடங்கிய நாள், பரிசோதித்த நாள், பதிவு செய்த நாள் மூன்றையும் குறித்து, வரைபடத்தை முதல் தேதியின்படி வரைய வேண்டும்.

4. ‘நோய் இல்லை’ என்பதற்கும் ‘தகவல் இல்லை’ என்பதற்கும் வேறு வேறு நிறம் வேண்டும். அறிக்கை அனுப்பாத வார்டு இன்று பட்டியலில் பூஜ்யமாக நிற்கிறது. அறிக்கை வராத இடத்தைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். எங்கே ஊழியர் பணியிடம் காலியாக இருக்கிறது என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும்.

5. நோயோடு காரணமும் வர வேண்டும். டெங்குக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் பார்த்து, எத்தனை வீடுகளில் புழு இருந்தது, எந்தப் பாத்திரத்தில் இருந்தது என்று எழுதுகிறார்கள். காய்ச்சல் வருவதற்கு முன்பே அபாயத்தைக் காட்டும் அந்தக் கணக்கை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். வயிற்றுப்போக்கு, காலரா, மஞ்சள்காமாலை பரவும்போது குடிநீர் மாதிரிகளின் முடிவு, குழாய் நீரில் எஞ்சிய குளோரின் அளவு, குழாய் உடைப்பு, கழிவுநீர் கலந்த புகார்கள் ஆகியவற்றை அதே வரைபடத்தில் அடுக்க வேண்டும். 2022 ஜூலையில் காலராவால் பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்ட காரைக்கால் நமக்குத் தொலைவில் இல்லை. புகை அடித்த தேதி, அபேட் மருந்து ஊற்றிய தேதி, குழாய் சரிசெய்த தேதி ஆகியவையும் வரைபடத்தில் இருக்க வேண்டும். சிவப்பு நிறத்துக்குப் பக்கத்தில் நடவடிக்கை இல்லாவிட்டால் அந்தப் படம் அச்சத்தை மட்டுமே தரும்.

6. வீட்டு முகவரி மட்டும் போதாது. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. பகலில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள், பெரியவர்கள் வேலையில் இருக்கிறார்கள். 2020 ஏப்ரல், மே மாதங்களில் கோயம்பேடு சந்தையிலிருந்து கோவிட் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்கள் வரை போனது. வீட்டு முகவரியை மட்டும் குறித்திருந்தால் அவை தொடர்பில்லாத புள்ளிகளாகவே தெரிந்திருக்கும். பள்ளி, சந்தை, தொழிற்சாலை, கட்டுமானத் தளம், விடுதி ஆகியவற்றையும் படிவத்தில் கேட்டுப் பதிய வேண்டும். தனியொருவரைக் காட்டிக்கொடுக்காத அளவில் அவற்றை வெளியிட வேண்டும்.

7. இறப்புக் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 கோவிட் இறப்புகளைத் தமிழ்நாடு அரசு தன் கணக்கில் சேர்த்தது. மாநகராட்சி இறப்புப் பதிவேட்டையும் மருத்துவமனைப் பட்டியலையும் குழு அமைத்து ஒப்பிட்டபோது தெரிந்த வேறுபாடு அது. பிழையைத் திருத்திப் பகிரங்கமாகச் சொன்னதை வரவேற்கிறோம். இனி அந்த ஒப்பீடு குழு அமைத்து நடக்கும் அரிய நிகழ்வாக இருக்கக் கூடாது. பரவல் காலத்தில் மாதந்தோறும் நடக்க வேண்டும். முடிவு வெளியிடப்பட வேண்டும்.

ஆ. மறைக்க வேண்டியவை

8. பெயர், கதவு எண், தொலைபேசி எண், புள்ளியாகக் குறித்த வீடு ஆகிய எதுவும் பொது வரைபடத்தில் வரக் கூடாது. ஒரு வார்டில் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இருந்தால் ‘5-க்குக் குறைவு’ என்று மட்டும் போட வேண்டும். வார்டுக்குள்ளே குவியல் தெரிந்தால், எண் போடாமல், நூறு வீடுகளுக்குக் குறையாத பரப்பாக நிறமிட்டு எச்சரிக்க வேண்டும். வயது, பால், தொழில் மூன்றையும் ஒரே வரியில் வெளியிட்டால் சிற்றூரில் பெயரே சொன்னதுபோல ஆகிவிடும். அவற்றைத் தனித்தனி அட்டவணையாக மட்டும் தர வேண்டும். எச்.ஐ.வி., காசநோய் போன்று களங்கம் சுமத்தப்படும் நோய்களுக்கு இந்த உள்ளூர் வரைபட முறையைப் பயன்படுத்தக் கூடாது.

9. சாதி, மதம், மொழி, பிறந்த மாநிலம் ஆகிய அடையாளங்களால் நோயாளிகளைத் தொகுத்து அறிவிக்கக் கூடாது. ஒரு குடியிருப்பில் நோய் கூடுதலாகத் தெரிந்தால், அங்கே தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, குப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை அள்ளப்படுகிறது என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் ஏன் குடங்களையும் டிரம்களையும் நிரப்பி வைக்கிறார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றாது.

10. நோயாளிகளின் பட்டியலைக் கசியவிடுவது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாக வேண்டும். முழு முகவரியுடன் கூடிய தரவை யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்ற பதிவு கணினியில் இருக்க வேண்டும். சுகாதாரப் பணிக்காகத் திரட்டிய இருப்பிடத் தகவலைக் காவல்துறைக் கண்காணிப்புக்கோ வணிகத்துக்கோ கொடுக்கக் கூடாது. பரவல் முடிந்து, சட்டம் கேட்கும் காலம் கடந்ததும் தனிநபர் விவரங்களை அழிக்க வேண்டும்.

11. அந்தரங்கத்தைச் சாக்காகச் சொல்லிக் கணக்கையே மறைக்கக் கூடாது. 2023-இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பது தனி மனிதரை. ஒரு வார்டில் 17 பேர் என்ற எண் யாருடைய தனிநபர் தரவும் அன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கேட்காமலேயே தாமாக முன்வந்து தகவல் வெளியிடச் சொல்கிறது. நோய்க் கணக்கை அந்தப் பிரிவின் கீழ் வெளியிட வேண்டியவற்றில் ஒன்றாக அரசாணை மூலம் சேர்க்க வேண்டும்.

இ. அடித்தளம்

12. எல்லைகளை வெளியிடுங்கள். தமிழ்நாட்டில் வருவாய் மாவட்டங்கள் 38. சுகாதார மாவட்டங்கள் அதைவிட அதிகம். சிவகாசி, பழனி, பரமக்குடி, அறந்தாங்கி, செய்யாறு ஆகியவை சுகாதாரத் துறையின் கணக்கில் தனி மாவட்டங்கள். வார்டு எல்லை ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லை இன்னொன்று, குடிநீர் வாரியத்தின் பகுதி எல்லை மற்றொன்று. மறுவரையறையில் வார்டு எண்களும் மாறிவிட்டன. இந்த எல்லைகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திய கோப்பை எவரும் இலவசமாகப் பதிவிறக்கும்படி வெளியிட வேண்டும். இது ஒருமுறை செய்யும் வேலை. எல்லை மாறும்போது திருத்தினால் போதும். இது இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது.

13. முகவரி இல்லாதவரும் கணக்கில் வர வேண்டும். சென்னையில் ஒரே வாசலுக்குப் புது எண், பழைய எண் என இரண்டு உண்டு. பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் பிளாக் எண்தான் முகவரி. ஆற்றோரக் குடிசைக்கு அதுவும் இல்லை. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளரின் ஆதார் அட்டையில் பீகாரோ ஒடிசாவோ இருக்கும். அடையாள அட்டை முகவரியை நகலெடுப்பதை நிறுத்தி, ‘கடந்த இரண்டு வாரமாக எங்கே தங்கியிருந்தீர்கள்’ என்று கேட்டுப் பதிய வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ சேர்க்கப்பட்ட வெளியூர் நோயாளியை மருத்துவமனை இருக்கும் ஊரின் கணக்கில் வைக்காமல், நோய் பிடித்த ஊரின் கணக்கில் வைக்க வேண்டும்.

14. மக்கள்தொகை அடிப்படையைச் சொல்லுங்கள். ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டால்தான் பெரிய வார்டையும் சிறிய வார்டையும் ஒப்பிட முடியும். கைவசம் உள்ள முழுமையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் எடுத்தது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய வார்டுகளில் அதன் பிறகு குடியேறியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. புதிய கணக்கெடுப்பின் முடிவு வரும்வரை எந்த மதிப்பீட்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை வரைபடத்தின் அடியிலேயே எழுத வேண்டும்.

15. படிக்கக்கூடிய வடிவில் கொடுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். தரவாகாது. சி.எஸ்.வி., ஜியோஜேசன் போன்ற திறந்த வடிவங்களில், தமிழிலும் ஆங்கிலத்திலும், மாறாத இணைய முகவரியில் வெளியிட வேண்டும். கோவிட் காலத்தில் நாடு முழுதும் இருந்து தன்னார்வலர்கள் அரசு அறிக்கைகளின் எண்களைக் கையால் தட்டச்சு செய்துதான் கோவிட்19இந்தியா தளத்தை 2021 அக்டோபர் வரை நடத்தினார்கள். அந்த உழைப்பு தேவைப்பட்டிருக்கவே கூடாது. இணையம் இல்லாதவர்களுக்காக ரேஷன் கடை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். நிறம் பிரித்தறிய இயலாதவரும் படிக்கும்படி கோடும் எண்ணும் சேர்த்து அச்சிட வேண்டும்.

16. தனியார் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் அறிக்கை தர வேண்டும். காய்ச்சல் வந்தால் முதலில் தெருமுனைத் தனியார் கிளினிக்குக்குப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். டெங்கு அறிவிக்கைக்குரிய நோய். அறிவிக்காத மருத்துவமனைகளின் பட்டியலை முதலில் அவற்றுக்கு அனுப்புங்கள். அதன் பிறகும் அனுப்பாதவற்றின் பட்டியலை வெளியிடுங்கள். சிறிய கிளினிக்குகளுக்கு இரண்டு நிமிடத்தில் முடியும் ஒரு படிவம் போதும்.

17. களப்பணியாளரை நசுக்காதீர்கள். கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், தினக்கூலியில் இருக்கும் கொசு ஒழிப்புப் பணியாளர் ஆகியோரின் கைகள் வழியாகத்தான் இந்த வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் வருகிறது. ஒரே தகவலைப் பதிவேட்டிலும் செயலியிலும் வாட்ஸ்அப்பிலும் மூன்று முறை கொடுக்கச் சொல்லக் கூடாது. கைபேசியும் இணையச் செலவும் அரசு தர வேண்டும். தன் பகுதியில் எண்ணிக்கை கூடியதற்காக எந்த ஊழியருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. எண் கூடினால் தண்டனை என்றால் எண் கூடாது, நோய் கூடும். கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கு ஆண்டு முழுதும் வேலையும் முறையான ஊதியமும் வேண்டும். மழை வந்த பிறகு ஆளெடுத்தால் மழைக்கு முந்தைய கணக்கை யார் எழுதுவது?

ஈ. மக்களின் இடம்

18. வரைபடம் சபைக்கு வர வேண்டும். கிராம சபை கூடும் ஆறு நாட்களில் அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய இரண்டும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்துக்கு முன்னும் பின்னுமாக அமைந்திருக்கின்றன. முதல் சபையில் கடந்த ஆண்டின் நோய் வரைபடத்தையும் இந்த ஆண்டின் கொசுப்புழுக் கணக்கையும் வைத்து விவாதிக்க வேண்டும். இரண்டாவதில் அந்த வார நிலவரத்தை வைக்க வேண்டும். நகரங்களில் பகுதி சபாக்களும் வார்டு குழுக்களும் இதைச் செய்ய வேண்டும்.

19. திருத்தவும் சேர்க்கவும் வழி வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மூழ்கிய சாலைகளை ஓபன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தின் மேல் பொதுமக்களே குறித்துக் காட்டினார்கள். தேங்கிய நீர், மூடாத தொட்டி, உடைந்த குழாய், குவிந்த டயர்கள் ஆகியவற்றை மக்கள் படத்துடன் குறிக்கவும், உள்ளாட்சி அதைச் சரிபார்த்து ஏற்கவும் முறை வேண்டும். நோயாளிகளைக் குறிக்கும் உரிமை மட்டும் பொதுமக்களுக்கு வேண்டாம். அது சுகாதாரத் துறையின் வேலை.

20. பழைய கணக்கு அழியக் கூடாது. ஆட்சி மாறினாலும், இணையதளம் புதுப்பிக்கப்பட்டாலும், பரவல் ஓய்ந்தாலும் வாராந்தரத் தொகுப்புத் தரவு அப்படியே பாதுகாக்கப்பட வேண்டும். திருத்தம் செய்தால் தேதியும் காரணமும் குறிக்க வேண்டும். ஐந்தாண்டு வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், ஆண்டுதோறும் சிவக்கும் வார்டு எது, அங்கே வடிகாலுக்கு எவ்வளவு நிதி போனது என்று கேட்க முடியும்.

நாங்கள் தரும் உறுதி

உரிமையை மட்டும் கேட்டுவிட்டுக் கடமையை அரசின் தலையில் கட்டுவது நியாயமாகாது. எங்கள் பங்குக்கு இவற்றை ஏற்கிறோம். நோயாளியின் பெயரையோ வீட்டுப் படத்தையோ எந்தக் குழுவிலும் பகிர மாட்டோம், பகிர்பவரைத் தடுப்போம். தொட்டியைப் பார்க்க வரும் பணியாளரை வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பிவிட மாட்டோம். காய்ச்சல் வந்தால் தங்கியிருந்த இடத்தை மறைக்காமல் சொல்வோம். எங்கள் வார்டு சிவப்பாகத் தெரிந்தால் வீட்டு மதிப்பு குறையும், வாடகைக்கு ஆள் வராது என்று சொல்லி வரைபடத்தை நிறுத்தச் சொல்ல மாட்டோம். நோய் வந்த குடும்பத்துக்கு வீடு மறுப்பதையும், தண்ணீர் மறுப்பதையும், வேலை மறுப்பதையும் எங்கள் தெருவில் நடக்க விட மாட்டோம். கணினி தெரிந்தவர்கள் எல்லைக் கோப்புகளைச் சரிபார்க்கவும், தெருப் பெயர்களைத் தமிழில் ஒழுங்குபடுத்தவும் நேரம் கொடுப்போம்.

பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடம் வெளிவரும் நாளில் ‘அபாய வார்டு’ என்று தலைப்பிட்டு நோயாளி வீட்டுத் தெருவில் ஒலிவாங்கியோடு நிற்காதீர்கள். போன வாரத்தோடு ஒப்பிடுங்கள்; எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள்; புகார் கொடுத்த குழாய் சரியானதா என்று போய்ப் பாருங்கள்.

காலக்கெடு

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. எல்லைக் கோப்புகளை வெளியிடுவதற்கும், மறைக்க வேண்டியவை பற்றிய அரசாணைக்கும் மூன்று மாதம் போதும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பர் முடிவதற்குள், மாநகராட்சிகள் அனைத்திலும் டெங்குவுக்கு மட்டுமாவது வார்டு வரைபடம் வர வேண்டும். அடுத்த ஓராண்டுக்குள் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளுக்கும், தண்ணீரால் பரவும் நோய்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, எது வெளியானது, எது வெளியாகவில்லை, யாருடைய அந்தரங்கமாவது மீறப்பட்டதா என்ற தணிக்கை அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

அழைப்பு

இந்தச் சாசனத்தைப் படிப்பவர்கள் கையெழுத்திட்டுவிட்டு நின்றுவிட வேண்டாம். உங்கள் ஊர்க் கிராம சபைக்கோ பகுதி சபாவுக்கோ இதை எடுத்துச் செல்லுங்கள். இருபதும் வேண்டாம், உங்கள் ஊருக்கு உடனடியாகத் தேவைப்படும் மூன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானமாக முன்மொழியுங்கள். தீர்மான நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும் உள்ளாட்சி அலுவலருக்கும் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். இந்த வாரம் நம் வார்டில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொரு வாரமும் கேளுங்கள். எழுதிவைத்த கணக்கு கேட்பவர் இருந்தால்தான் வெளியே வரும்.